கோடு தொட்ட வீடு

நகரசபைக் கட்டடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறைக்கு மேலே இருக்கிறது வரைபடப் பிரிவு. ஜெனரேட்டர் ஓடினால் மேசை நடுங்கும், மேசை நடுங்கினால் கோடு நடுங்கும். அந்த நடுக்கத்திலும் நேர்கோடு போடத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் அவளுக்குக் கோட்டம்மா என்று பெயர் வந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் மாதம் ஒருமுறை சம்பளச் சீட்டில் தலைகாட்டுவதோடு சரி.

அவள் போடாத கோடு இல்லை. சாலைக்கு, சாக்கடைக்கு, பூங்காவுக்கு, பிறகு அந்தப் பூங்காவை எடுத்துவிட்டு அங்கே வரப்போகும் வண்டி நிறுத்துமிடத்துக்கு. இன்று போட்டதை நாளைக்கு அழி என்பார்கள். அழித்தால் மறுபடி போடு என்பார்கள். ஏன் என்று கேட்கிற வயதில் கேட்டுப் பார்த்திருக்கிறாள். "மேலேருந்து வந்திருக்கும்மா" என்று பதில் வரும். மேலே என்றால் மாடியா, வானமா என்று கடைசிவரை ஒருவரும் விளக்கியதில்லை. போகப் போகக் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்காமல் போட்டால் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

அவள் அதிகமாக அழித்துப் போட்டது நகரத்தின் தெற்கே இருக்கும் சதுப்பு நிலத்தின் கரையை. சதுப்பு என்பது அலுவலகப் பேச்சு. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அது சகதி. கோரையும் நாணலும் ஆளுயரத்துக்கு நிற்கும், நாரைகள் ஒற்றைக் காலில் நாள் முழுவதும் ஒரு வேலையும் இல்லாதவை போல நிற்கும். பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத இடம். ஆனால் நகரத்தில் பெய்கிற மழையை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது அதுதான். வாங்கி வைக்க அதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் கோட்டம்மாவின் கை வருடா வருடம் குறைத்துக்கொண்டு வந்தது.

அந்தக் காலத்தில் படமெல்லாம் டிரேசிங் தாளில், மசியில். ஒரு கோட்டை எடுக்க வேண்டுமானால் பிளேடால் பூப்போலச் சுரண்ட வேண்டும். சதுப்பின் கரையைச் சுரண்டிச் சுரண்டி அந்த இடத்தில் தாள் மெலிந்தே போயிற்று. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் அங்கே மட்டும் வெளிச்சம் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு சுரண்டலுக்கும் தண்ணீரைக் காட்டும் நீலம் கொஞ்சம் உள்ளே போகும், வெளியே ஒரு தெரு முளைக்கும். இப்போது கணினி. கரையைப் பிடித்து இழுத்தால் சத்தம் போடாமல் நகர்ந்துவிடுகிறது. தாளாவது மெலிந்து காட்டியது, இது அதைக்கூடச் செய்யமாட்டேன் என்கிறதே என்று அவளுக்கு ஒரு குறை.

அப்படி முளைத்த தெரு ஒன்றில்தான் அவளுடைய அக்காவின் வீடு.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இவளைப் பற்றிச் சொல்ல முடியாது. அப்பா காலமானதும் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போனவள் அக்கா. முழுச் சட்டை தைக்கவில்லை, காலர் மட்டும். காலையிலிருந்து இருட்டும்வரை காலர். அந்தக் காலர்களின் தயவில் தங்கை வரைபடத் தொழில் படித்தாள். அக்காவின் ஆட்காட்டி விரலில் ஊசி ஏறிய தழும்பு இன்னும் இருக்கிறது. "உனக்காகப் பட்டதுடி" என்று அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டு மனபாரத்தை இறக்கியிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது.

அக்கா புருஷன் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். யாராவது விடைபெற்றுக் கிளம்பினால் இப்போதும் "பார்த்து இறங்குங்க" என்பார். இருவருமாகச் சேர்ந்து வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி அந்தச் சகதி ஓரத்தில் ஒரு வீடு கட்டினார்கள். கிரகம் பிடித்த இடம் என்று உறவுக்காரர்கள் முகம் சுளித்தபோது அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. "என் தங்கச்சி கையால போட்ட தெரு இது" என்று பெருமை பேசினாள். தங்கை அப்போது சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தங்கைக்குக் கல்யாணப் பேச்சு வந்தது, போனது, பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டது. மூன்றாம் மாடியில் ஒரே ஒரு அறை, குழாய் வெளியே. வெயில் காலத்தில் பகலெல்லாம் குடித்த சூட்டைக் கூரை இரவெல்லாம் அவள் தலையில் கொட்டும். முதுகு வலி வேறு. குனிந்தே வேலை பார்த்த முதுகு, நிமிர்ந்தால் கோபித்துக்கொள்கிறது. ஓய்வு பெற இன்னும் ஒரு மழைக்காலம்தான் பாக்கி. அதற்குப் பிறகு எங்கே என்ற கேள்விக்கு அக்கா எப்போதோ பதில் சொல்லிவிட்டாள்: வீட்டின் பின்பக்கம், சகதியைப் பார்த்த மாதிரி ஓர் அறைக்கு அடித்தளம் போட்டு வைத்திருந்தாள்.

"ஜன்னலைத் திறந்தா காத்து பிச்சுக்கிட்டு வரும். நீ கட்டில்ல படுத்துக்கிட்டு நாரையை வேடிக்கை பாரு. போதும்டி, நீ குனிஞ்சது" என்பாள்.

அந்த இல்லாத ஜன்னலை நினைத்துக்கொண்டுதான் கோட்டம்மா பல நாள் அந்த மூன்று மாடியும் ஏறினாள். வேறு ஆசை என்று அவளிடம் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

இந்த நேரத்தில்தான் புதிய திட்ட அதிகாரி வந்து சேர்ந்தார். வெயிலிலும் குடை பிடித்துக்கொண்டு நடப்பார். "மரத்தை எல்லாம் வெட்டிட்டோம், நிழலை நம்மளேதான் சுமக்கணும்" என்பார். அதனால் குடைக்காரர் ஆனார். முந்தின ஆண்டு மழையில் பெரிய ஆஸ்பத்திரிக்குள் தண்ணீர் புகுந்து, நோயாளிகளைக் கட்டிலோடு மாடிக்குத் தூக்கியதிலிருந்து நகரசபைக்குத் திடீரென்று அக்கறை பிறந்திருந்தது. மாறிவருகிற தட்பவெப்பத்தை நகரம் எப்படித் தாங்கப்போகிறது என்று ஒரு பெரிய திட்டம் போடச் சொல்லி அவரைக் கொண்டுவந்திருந்தார்கள். நகரம் தாங்குமோ தாங்காதோ, என் முதுகு தாங்காது என்று கோட்டம்மா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். இதுபோல எத்தனையோ திட்டம் பார்த்தாகிவிட்டது. அட்டை மட்டும் பச்சையாக இருக்கும்.

குடைக்காரர் முதலில் கேட்ட கேள்வியே கோணலாக இருந்தது.

"சதுப்போட அளவை எல்லாம் எந்த மாசம் எடுத்ததும்மா?"

"கோடையில சார். எப்பவுமே கோடையிலதான்."

"ஏன் கோடையில?"

"மழைக்காலத்துல அந்தச் சேத்துல யாரு சார் இறங்குவா? கால் வச்சா முழங்கால் வரைக்கும் போயிடும். காய்ஞ்ச பிறகு போனா சௌகரியமா அளக்கலாம்."

அவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இத்தனை வருஷமா வத்திப்போன தண்ணியைச் சுத்தித்தான் கரைன்னு கோடு போட்டிருக்கோம்."

கோட்டம்மாவுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வழக்கம் என்று ஒன்று ஆகிவிட்டால் அதைத் தூக்கிப் பார்க்க யாருக்குத் தோன்றுகிறது? சேற்றுக்குப் பயந்த அளவையாளர்களின் வசதிக்காக ஒரு நகரமே கோடைக்கால வரைபடத்தை நம்பி வீடு கட்டிவிட்டது.

அந்த மழைக்காலத்தில் அளந்தார்கள். ரப்பர் பூட்சு, மட்டம் பார்க்கும் கருவி, ஒரு கட்டு முளைக்குச்சி. தண்ணீர் எதுவரை ஏறி நிற்கிறதோ அங்கே ஒரு குச்சி அடிப்பது. அளவையாளருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது. மழைக்காலத்தில் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போவது புதிதில்லை. கோட்டம்மாவே உயரம் காட்டும் மட்டக்கோலைப் படிக்கப் போனாள். தெரு தெருவாகக் குச்சி அடித்துக்கொண்டே வந்து, பிற்பகலில் ஒரு கொல்லைப்புறத்தில் நிமிர்ந்து பார்த்தால், எதிரே துணி துவைக்கிற கல், அதன் பக்கத்தில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அக்கா.

"என்னடி இது வேஷம்?" என்றாள் அக்கா, பூட்சைப் பார்த்து.

"தண்ணி எதுவரைக்கும் வருதுன்னு பார்க்கறோம்க்கா."

"நல்லா பாரு. என் துவைக்கிற கல்லு வரைக்கும் வருது. வர்றதுதான் வருது, துணியையும் துவைச்சுக் குடுத்துட்டுப் போனா புண்ணியமாப் போகும்."

குடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். அக்கா எல்லாருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தாள். குச்சி சேற்றில் நிற்காமல் சாய்வதைப் பார்த்த மாமா உள்ளே போய்த் தன்னுடைய சுத்தியலை எடுத்து வந்தார். "ஏம்மா, நகரசபைக்கு ஒரு நல்ல சுத்தியலுக்குக்கூட வக்கில்லையா?" என்று கேட்டபடி, துவைக்கிற கல்லுக்கு ஓரமாகத் தன் கையாலேயே அடித்து இறக்கினார். "நேரா நிக்குதா பாரு. நாளைக்கு யாரும் குத்தம் சொல்லக்கூடாது." குச்சி நேராகத்தான் நின்றது. கோட்டம்மா பாதித் தேநீரோடு தம்ளரைத் துவைக்கிற கல்லில் வைத்தாள்.

அதோடு முடியவில்லை. பெருமழை நாளில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று மட்டம் பார்த்துக் கணக்குப் போட்டதில், அக்காவின் பின்சுவரில் அது இடுப்பளவுக்கு வந்தது. மறுபடி போட்டுப் பார்த்தாள். மறுபடியும் இடுப்பளவுதான்.

புதிய கோட்டுக்குள் வருகிற இடத்தில் இனி ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது என்றது திட்டம். ஏற்கெனவே இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு மேட்டுப்பகுதியில் மாற்று வீடு. காலி செய்த இடத்தைச் சதுப்புக்கே திருப்பிக் கொடுத்துக் கோரை நடுவது. நல்ல திட்டம்தான். கோட்டம்மா அத்தனை வருடம் வரைந்ததில் இது ஒன்றுதான் நீலத்தைப் பெரிதாக்கிய படம்.

குச்சிகளைச் சேர்த்துக் கரை போட உட்கார்ந்தாள். இங்கே அந்தத் தொழிலின் ஒரு சங்கதியைச் சொல்ல வேண்டும். படத்தில் மயிரிழை மாதிரி தெரிகிற கோடு, தரைக்கு வந்தால் மயிரிழை இல்லை. அந்தத் தடிமனுக்குள் ஓர் ஆள் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். குச்சி எங்கே இருந்தாலும் கோடு இரண்டு பக்கமும் கொஞ்சம் வழியும். வழிந்த இடத்தில் வீடு இருந்தால் என்ன செய்வது? பழைய வழக்கம், கோடு தொட்டால் வீடு சதுப்புக்கு வெளியே. குடைக்காரர் வந்ததும் அதைத் திருப்பிப் போட்டார்: தொட்டால் உள்ளே. துவைக்கிற கல்லிலிருந்து அக்கா போட்ட அடித்தளத்துக்கு ஓர் ஆள் படுக்கிற தூரத்தில் பாதிகூட இல்லை. கோடு வீட்டைத் தொட்டது.

தண்ணீர்ப் பக்கம் இம்மி சாய்த்துப் போட்டால் போதும். குச்சியும் கோட்டுக்கு அடியிலேயே இருக்கும், வீடும் தப்பிவிடும். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கண்டுபிடித்தாலும் பிழை என்று சொல்ல முடியாது. கையை மேசையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த இல்லாத ஜன்னல் கண்முன் வந்து நின்றது. கீழே ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது, நின்றது.

கடைசியில் நேராகவே போட்டாள். வீரமெல்லாம் ஒன்றுமில்லை. களைத்துப்போயிருந்தாள். ஆயுசு பூராவும் சாய்த்துப் போட்டாயிற்று, இந்த ஒரு கோடாவது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான். அக்காவிடம் சொல்லும் தைரியம் வரவில்லை. இந்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். அதற்குள் வார்டு அலுவலகச் சுவரில் படத்தை ஒட்டிவிட்டார்கள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அக்கா வந்தாள். வலிக்கிற முழங்காலோடு மூன்று மாடி ஏறி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"என் வீட்டைச் சுவத்துல ஒட்டி வச்சிருக்காங்க. பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா."

"யாரு போட்ட கோடு?"

"நான்தான்."

"என் வீடுன்னு தெரியாமப் போட்டுட்டே. அப்படித்தானே?"

இதைவிடச் சுலபமான வழியை யாரும் காட்டியிருக்க முடியாது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "தெரிஞ்சுதான் போட்டேன்" என்றாள் தங்கை.

அக்கா மூச்சு வாங்கினாள். படி ஏறிய மூச்சு இன்னும் அடங்கியிருக்கவில்லை.

"தண்ணி வரும்க்கா. இடுப்பளவு வரும். நானே மட்டம் பார்த்தேன். மேட்டுல வேற வீடு தருவாங்க."

"எந்த மேடு? பஸ் போகாத மேடா? உங்க மாமா ஏறிப் போவாரா அங்கே? தர்றேன்னு சொன்னதை அவங்க தந்து நீ எப்பவாவது பார்த்திருக்கியா?"

மாற்று வீடுகளின் படத்தையும் கோட்டம்மாதான் பலமுறை வரைந்திருக்கிறாள். படத்தோடு நின்றுபோனவைதான் அதில் அதிகம்.

"ஊரான் வீட்டுக்கெல்லாம் வளைஞ்ச கைதானேடி இது. தியேட்டருக்கு வளைஞ்சுது, கிடங்குக்கு வளைஞ்சுது. நீயே என் மடியில படுத்து அழுதிருக்கே, இப்படி வளைக்கச் சொல்றாங்களேன்னு. எனக்குன்னா மட்டும் நேரா நிக்குதா?"

தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள் தங்கை. அக்கா வாங்கவில்லை. வாசல் வரைக்கும் போய், செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "உனக்குத்தானே அந்த ரூமு."

அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. விடுமுறை நாட்களில் போவதற்கு இடம் இல்லாமல் கோட்டம்மா அறையிலேயே கிடந்தாள். மாமா மட்டும் ஒருதடவை தெருவில் எதிர்ப்பட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல், "பார்த்து இறங்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் எதிலிருந்தும் இறங்கிக்கொண்டிருக்கவில்லை. மூலை திரும்பியதும் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆட்சேபணை சொல்ல அவகாசம் கொடுத்திருந்தார்கள். அக்காவின் தெருவிலிருந்து நிறையப் பேர் போய்ச் சொன்னார்கள், கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதே தெருமுனையில் ஒரு கார் விற்பனைக் கூடம் இருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, பின்பக்கம் சதுப்பைத் தூர்த்துப் போட்ட தளம். அதன் முதலாளி ஆட்சேபணை சொல்ல வரவே இல்லை. ஆனால் சில நாளில் மேலேயிருந்து வந்துவிட்டது: தெற்குக் கரையில் ஒரு சிறு திருத்தம். அந்தக் கூடத்தைக் கோடு தொடக்கூடாது.

குடைக்காரர் மாடிக்குப் போய்ச் சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டது கீழ்த்தளம்வரை கேட்டது. மறுவாரமே அவரைத் தெருவிளக்குப் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். மேசையைக் காலி செய்கிற அன்று அவர் வரைபடப் பிரிவுக்கு வந்து நின்றார்.

"போட்டுருங்கம்மா. நீங்க போடலைன்னா வேற ஒருத்தர் போடுவார். ரிட்டயர் ஆகற நேரத்துல உங்களுக்கு எதுக்கு வம்பு."

"குச்சியெல்லாம் அடிச்சோமே சார்."

"குச்சியை யாரும் பிடுங்கப்போறதில்லை. அது அங்கேயேதான் இருக்கும். தண்ணியும் படத்தைப் பார்த்துட்டா வரப்போகுது?" என்றார். சொல்லிவிட்டுக் குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் திருத்தினாள். ஒரு வாய் தேநீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கூடத்தை மட்டும் சுற்றி வளைத்தால் படத்தில் பல்லாகத் துருத்திக்கொண்டு தெரியும், பார்க்கிறவன் கேள்வி கேட்பான். ஆகவே தெருவின் நீளத்துக்கும் ஒரே சீரான வளைவாகப் போடு என்று உத்தரவிலேயே இருந்தது. போட்டு முடித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. தெரு மொத்தமும் வெளியே வந்துவிட்டது. அக்காவின் வீடும். அடித்தளம் போட்ட அந்த அறையும்.

அப்பாடா என்றிருந்தது முதலில். அப்படி இருந்ததற்காக உடனே வெட்கமாக இருந்தது. தான் சாய்க்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்த கோட்டை முகம் தெரியாத எவனோ ஒருவனுக்காகச் சாய்த்தாகிவிட்டது. அந்த ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தன் அக்காவும் பிழைத்துக்கொண்டாள். பிழைத்துக்கொண்டாள் என்று சொல்வதா? இடுப்பளவு என்பது மாறவில்லையே. கணினியை அணைத்துவிட்டு, வேலை நேரம் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளை அப்படி யாரும் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்ற மறுநாள் அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது. குரல் பழையபடி இருந்தது. "கிளம்பி வா. ரூமு எழும்பிடுச்சு. மின்சார வேலைக்குச் சுவரை வெட்டப்போறாங்க, எங்கே என்ன வேணும்னு வந்து சொல்லு."

போனாள். அக்கா வாசலிலேயே நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள்.

"அன்னைக்கு என்னென்னவோ வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதே. எனக்குத் தெரியும், நீ செய்யாம இருக்கமாட்டேன்னு."

"அக்கா, நான் உனக்காக மாத்தலைக்கா. முனையில இருக்கற கார் கடைக்காக மாத்தச் சொன்னாங்க. தெருவோட சேர்ந்து உன் வீடும் வந்துருச்சு."

"சரி சரி. நீ மாத்தலை." அக்கா கண்ணைச் சிமிட்டினாள். "நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கமாட்டேன். உங்க மாமாகிட்டகூடக் கார் கடைன்னுதான் சொல்லியிருக்கேன்."

"நிஜமாத்தான்க்கா."

"நானும் நிஜமாத்தான்டி சொல்றேன்."

இதற்கு மேல் எப்படிச் சொல்வது? பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். உண்மையைச் சொன்னால் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொள்கிறாள். கோட்டம்மாவுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. அந்தக் கையை விடவும் மனசில்லை. அது விலகியிருந்த மாதங்கள் எப்படிப் போயின என்று அவளுக்கல்லவா தெரியும்.

அறை சின்னதுதான். பூசாத செங்கல் சுவர், ஈரச் சிமெண்டு வாசனை. ஜன்னலுக்கு இன்னும் கதவு வைக்கவில்லை. காற்று பிய்த்துக்கொண்டுதான் வந்தது. வெளியே கோரை ஒருபக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. ஒரு நாரை, அதே ஒற்றைக் கால். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மாமா அடித்த குச்சி அப்படியே நின்றது. அதற்கும் சுவர் ஆணிக்கும் நடுவே கொடி கட்டி மாமாவின் சட்டைகளைக் காயப் போட்டிருந்தார்கள். இங்கேதான் இருக்கப்போகிறோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

வயர் இழுக்கிறவர் கையில் சாக்பீஸோடு தரையோரம் குந்தியிருந்தார். பிளக் பாயிண்ட் வருகிற இடங்களில் கணுக்கால் உயரத்தில் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்.

"இதெல்லாம் மேல வைங்கண்ணே" என்றாள் கோட்டம்மா.

"எவ்வளவு மேலம்மா? ஒரு சாண் ஏத்தட்டுமா?"

அவள் குச்சியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். இடுப்புக்கு மேலே, நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்துக் காட்டினாள். "இதுக்குக் கீழ ஒண்ணும் வேண்டாம். ஒரு வயர்கூட."

"அவ்வளவு உயரத்துலயா? பார்க்க நல்லா இருக்காதேம்மா. வீடு மாதிரியே தெரியாது."

"குனிய முடியலைண்ணே. முதுகு."

"சொன்ன இடத்துல வையுங்க" என்று அக்கா குறுக்கே வந்தாள். "காலம் பூரா குனிஞ்சே கிடந்தவ. இனிமே எதுக்கும் குனிய வேண்டாம் அவ."

வயர்காரர் தோளைக் குலுக்கிவிட்டுச் சாக்பீஸை அவளிடமே நீட்டினார். கோட்டம்மா வாங்கிக்கொண்டாள். ஜன்னல் ஓரத்தில் ஆரம்பித்து, செங்கல் சொரசொரப்பில் சாக்பீஸ் உதிர உதிர, சுவர் முழுக்க ஒரே கோடாக இழுத்துக்கொண்டு போனாள். மூலையில் திரும்பினாள், அடுத்த சுவர். அதிலும் திரும்பினாள். அளவுகோல் இல்லை, நூல் இல்லை. கோடு ஆடவே இல்லை.

"அங்கேதான் பிளக்கே வரலையேம்மா" என்றார் வயர்காரர்.

அவளுக்கு அது காதில் விழவில்லை. அறையைச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே கோட்டைச் சேர்த்து முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

அக்கா சிரித்தபடி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நாலு சுவரிலும் ஒரே மட்டத்தில் ஓடிய அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். மெல்ல நடந்து சுவரோரம் போய் நின்றாள். கோடு அவளுடைய இடுப்புக்கு மேலே ஒரு கை அளவில் இருந்தது. அங்கிருந்து ஜன்னல் வழியாகத் துவைக்கிற கல்லைப் பார்த்தாள், அதன் பக்கத்துக் குச்சியைப் பார்த்தாள், திரும்பித் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு எப்போது போயிற்று என்று தெரியவில்லை.

"கார் கடைக்காகத்தானா?" என்றாள்.

"ஆமாக்கா."

கொடியில் மாமாவின் சட்டைகள் அடித்துக்கொள்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அக்கா வயர்காரர் பக்கம் திரும்பினாள்.

"சமையலறையிலயும் இதே உயரத்துக்கு ஏத்திருங்க" என்றாள். "முன் ரூமுலயும்."